கல்லான ஈரலும் காந்தப் படமும்: ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பார்வை

மலர்க்குழு நண்பர் வீட்டுக்கே வந்து, "ஐயா, இந்தத் தடவை ஸ்ரீராம்புரத்தைப் பத்தி ஒரு வரலாற்றுக் கட்டுரை குடுங்க" என்று கேட்டார். மில் சங்கு ஊதிய காலம், வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் தர்மபுரியிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு வந்து மினர்வா, ராஜா, பின்னி என்று ஆலைகளில் நுழைந்த நம் பெரியவர்கள், ராஜா மில் இருந்த இடத்தில் இன்று நிற்கும் மந்திரி மால், 2014இல் தலைக்கு மேலே ஓடத் தொடங்கிய மெட்ரோ, இதையெல்லாம் எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் 1978இல் ஓர் ஆஸ்பத்திரியில் இருட்டறை உதவியாளாகச் சேர்ந்து, எக்ஸ்ரே டெக்னீஷியனாக 2012இல் ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வரலாறு, மனிதன் உடம்பைக் கிழிக்காமல் உள்ளே எட்டிப் பார்த்த வரலாறு ஒன்றுதான். அதில் ஒரு பகுதி எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது. இன்னொரு பகுதி எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

வீட்டுக்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் மில் தொழிலாளி. ஷிப்டு முடிந்தால் சாராயக் கடை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது ஒரு குற்றமாகவே தெரியவில்லை. (கர்நாடகத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது 2007 ஜூலை 1ஆம் தேதி. அவருக்கு அது ரொம்பப் பிந்தி வந்தது.) 1979இல் வயிறு பானை மாதிரி ஊதியது. கால் வீங்கியது. வீட்டில் மகோதரம் என்றார்கள். டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார், வயிற்றில் தட்டிச் சத்தம் கேட்டார், ஊசி போட்டு நீர் இறக்கினார். அவருடைய வயிற்று எக்ஸ்ரேயை நானே டெவலப்பர் தொட்டியில் முக்கி எடுத்தேன். சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்தால் ஒரே சாம்பல் மூட்டம். ஈரல் எது, குடல் எது, தண்ணீர் எது, ஒன்றும் தெரியவில்லை. அதே மூட்டத்துக்குள்ளேயே அவர் போய்விட்டார்.

2017இல் என் அக்காவுக்கு 67 வயது. சர்க்கரை இருந்தது, இருபது வருஷமாக. சாதாரண இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைவு, அல்ட்ராசவுண்டில் மண்ணீரல் பெரிசு. சிர்ரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அக்கா வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்தவள் இல்லை. ஆனால் சேதி தெருவுக்குப் போனதும், "அப்பன் குடிச்சது பொண்ணுக்கு வந்துட்சி" என்று ஒருத்தி. "சத்தமில்லாம சாப்ட்டிருக்கும், யாரு கண்டா" என்று இன்னொருத்தி. அது போகட்டும். ஒரு நாள் ராத்திரி நானே கேட்டேன்: "அக்கா, நீ எப்பவாவது மருந்து மாதிரி ஏதாவது...?" அவள் பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவன் கேட்ட கேள்வி அது.

சிர்ரோசிஸ் என்ற பெயரை வைத்தவர் பிரான்சு நாட்டு மருத்துவர் லேனெக். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1819இல் வெளிவந்த நூலில், இறந்தவர் ஒருவரின் ஈரல் முடிச்சு முடிச்சாகப் பழுப்பு மஞ்சள் நிறத்தில் இருந்ததைக் கண்டு, அந்த நிறத்தைக் குறிக்கும் கிர்ரோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரைச் செய்தார். நிறத்தை வைத்துப் பெயர் வைக்க ஈரலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்; பார்க்க வேண்டுமானால் ஆள் இறந்திருக்க வேண்டும். இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மொழி இந்த உறுப்புகளுக்குத் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். ஆனால் கறிக்கடையில் ஈரலை வாங்கி விரலால் அழுத்திப் பாருங்கள், கல்லாகவா இருக்கிறது? வழவழவென்று அமுங்கும். நோய் வந்த ஈரல்தான் உண்மையில் கல். இந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருவேன்.

உயிரோடு இருப்பவரின் ஈரலைப் பார்க்க 1883இல் ஜெர்மனியில் பால் எர்லிக் ஊசியால் குத்திச் சிறிது சதை எடுத்தார். 1958இல் இத்தாலியரான மெங்கினி, ஊசி ஈரலுக்குள் ஒரே ஒரு விநாடி இருந்தால் போதும் என்ற முறையைக் கொண்டுவந்தார். பயாப்ஸி என்பது அதன் பிறகுதான் எல்லா ஊரிலும் பரவியது. ஆனால் அந்த ஊசியில் வருவது முழு ஈரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மூட்டை அரிசிக்கு நாலைந்து மணியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற மாதிரி. தவிர, பிளேட்லெட் குறைந்தவர்களுக்கு இரத்தம் நிற்காமல் போகும் ஆபத்து. அக்காவுக்கு ஊசி வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்ததற்கு அதுவே காரணம். "எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம், அதுலயே கெட்டித்தனத்தையும் அளந்துடலாம்" என்றார்.

டாடா இன்ஸ்டிடியூட் வாசலில்

ஸ்ரீராம்புரத்திலிருந்து மல்லேஸ்வரம் தாண்டினால் வருவது இந்திய அறிவியல் கழகம். எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் அது டாடா இன்ஸ்டிடியூட்தான். சின்ன வயதில் அந்தச் சுவரோரம் எத்தனையோ தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்ததில்லை.

1971இல் உள்ளே நடந்தது இது. ஜி. என். இராமச்சந்திரன் அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து திரும்பி வந்து அங்கே மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையைத் தொடங்கியிருந்தார். எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்தவர். பெயரில் உள்ள ஜி என்பது கோபாலசமுத்திரம். இதே கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்து, சர் சி. வி. இராமனால் இயற்பியலுக்கு இழுக்கப்பட்டவர். அவரும் அ. வெ. இலட்சுமிநாராயணனும் அந்த வருஷம் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இராமச்சந்திரன் தம் கட்டுரை ஒன்றுக்கு வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நிழலிலிருந்து பொருளை மீட்டெடுத்தல்'.

எக்ஸ்ரே என்பதே நிழல்தான். பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் சுவரில் விழும் நிழலில் யார் எங்கே என்று தெரியாது அல்லவா? என் அப்பாவின் சாம்பல் மூட்டம் அதுதான். ஆனால் விளக்கைச் சுற்றிச் சுற்றி நகர்த்திப் பல கோணங்களில் நிழல் எடுத்தால், கணக்குப் போட்டு உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டிவிடலாம். இது முடியும் என்பதை 1917லேயே ராடோன் என்ற கணித அறிஞர் நிறுவிவிட்டார். கஷ்டம் எங்கே என்றால், நிழல்களை அப்படியே பின்னோக்கிப் பரப்பினால் படம் கலங்கிவிடும். கலங்கலை நீக்க ஃபூரியே என்ற பெரிய கணக்கு வழி இருந்தது. அன்றைய கணினிகளுக்கு அது பளு. ஒவ்வொரு நிழலையும் முன்கூட்டியே ஒரு வடிகட்டியில் போட்டு எடுத்துவிட்டால் ஃபூரியே தேவையே இல்லை, வேலையும் சுருக்கம் என்று பெங்களூர்க்காரர்கள் காட்டினார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல் 1967இல் இதே போன்ற வழியைச் சொல்லியிருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் சி.டி. ஸ்கேன் படிக்கிற எந்த நாட்டு மாணவனும் இன்றுவரை 'ராம்-லாக் வடிகட்டி' என்றே படிக்கிறான். லாக் என்பது நம் இலட்சுமிநாராயணன். அதே 1971இல், அக்டோபர் 1ஆம் தேதி, இலண்டன் விம்பிள்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியைப் படம் எடுத்தது. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது.

இராமச்சந்திரனைப் பற்றி இன்னொன்றும் உண்டு. என் கட்டுரைக்கு அதுவே முக்கியம். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டுபிடித்தார். அதற்கு அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் நரம்பு கிடைத்தது என்பார்கள். கிரிக்கும் ரிச்சும் அந்த அமைப்பில் குறை சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அதற்குப் பதில் தேடப் போய்த்தான் 1963இல் அவர் பெயரில் வழங்கும் வரைபடமே பிறந்தது. கொலாஜன் தோலிலும் எலும்பிலும் இருப்பது. காயம் ஆறும்போது தழும்பாவதும் அதுவே. ஈரல் வருஷக்கணக்கில் அடிபட்டு அடிபட்டு ஆறும்போது, சதைக்கு நடுவே வலை வலையாகக் கொலாஜன் படிகிறது. ஈரலைக் கல்லாக்குவது அந்த முறுக்குக் கயிறுதான். அக்காவின் ஈரலுக்குள் இருந்த தழும்பின் கட்டமைப்பைக் கண்டவரும், உடம்பை நிழலிலிருந்து மீட்கும் கணக்கைத் தந்தவரும் ஒரே ஆள்! முப்பத்து நாலு வருஷம் எக்ஸ்ரே பிலிமோடு வாழ்ந்த எனக்கு இது தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகு. அவர் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

காந்தத்தின் வேலை

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. உடம்பில் உள்ள தண்ணீர், கொழுப்பு இவற்றின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை ஒரு பெரிய காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையால் தட்டிவிட்டு, அவை திருப்பிச் சொல்வதைக் கேட்பது. வழக்கமான 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? காந்தத்தின் பலத்தை இடத்துக்கு இடம் சரிவாக மாற்றினால் தெரியும் என்று 1973இல் அமெரிக்காவில் லாட்டர்பர் காட்டினார். அவர் கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பியது என்பது வேடிக்கை. அவரும் பல கோணங்களிலிருந்து கிடைத்த நிழல் மாதிரியான பதிவுகளிலிருந்தே படம் கட்டினார்.

1975இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மூவர் வேறு வழி கண்டார்கள். அனில் குமார், டீட்டர் வெல்ட்டி, ரிச்சர்டு எர்ன்ஸ்ட். சுற்றிச் சுற்றி நிழல் எடுக்க வேண்டாம். சரிவுகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, ஃபூரியே கணக்கால் நேரடியாகப் படத்தை எடுக்கலாம் என்றார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் காந்தப் படங்களில் பெரும்பாலானவை இந்த வழி வந்தவை. முதல் பெயருக்குரிய அனில் குமார் பின்னாளில் எங்கே பேராசிரியராக இருந்தார் தெரியுமா? அதே டாடா இன்ஸ்டிடியூட்டில்! அவர் தமிழர் அல்ல, அதனால் என்ன. ஃபூரியே வேண்டாம் என்று சொன்னவரும் ஃபூரியேதான் வழி என்று சொன்னவரும் ஒரே வளாகத்தில் இருந்திருக்கிறார்கள். இரண்டும் அவரவர் கருவிக்குச் சரி.

1980 ஆகஸ்டு 28ஆம் தேதி ஸ்காட்லாந்தின் அபர்தீனில் மல்லார்டு குழுவினர் ஒரு நோயாளியைப் படம் எடுத்தார்கள். மருத்துவருக்கு நிஜமாகவே உதவிய முதல் உடல் காந்தப் படம் என்று அதைச் சொல்வார்கள். மார்பில் கட்டி, எலும்பில் பரவல், அதோடு ஈரலும் சரியில்லை என்று அது காட்டியது. அதாவது இந்தக் கருவி பிறந்த நாளிலிருந்தே ஈரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு மருந்துகள் வந்தன. ஈரல் செல்களே உறிஞ்சிக்கொள்ளும் கேடோலினிய மருந்து ஒன்று 2004இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. ஊசி போட்டு இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் நல்ல ஈரல் பளிச்சென்று இருக்கும், கெட்ட முடிச்சு பெரும்பாலும் இருட்டாக நிற்கும். சிர்ரோசிஸ் உள்ளவருக்குப் புற்றுநோய் வந்தால், அது தமனி இரத்தத்தை முதலில் வாங்கிப் பளிச்சிட்டு, பிறகு சீக்கிரம் மங்கும். தமனி இரத்தத்தில் இப்படிப் பளிச்சிடுவது தெளிவாக இருந்தால் ஊசி குத்தாமலே முடிவு சொல்லலாம் என்பதை 2001இல் வெளியான ஐரோப்பிய நிபுணர்களின் பார்சிலோனா அறிக்கை ஏற்றது.

இப்போது கெட்டித்தனம். 1995இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் முத்துப்பிள்ளை. வாசித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எஹ்மன் முதலியோரோடு அவர் செய்தது, உடம்புக்குள் மெல்லிய அதிர்வை அனுப்பி, அந்த அலை ஓடுவதைக் காந்தப் படத்தில் பிடிப்பது. மெதுவான சதையில் அலை குட்டை குட்டையாக, மெல்ல நகரும்; கெட்டியான சதையில் நீளமாக, வேகமாக ஓடும். அலையின் நீளத்தை அளந்தால் கெட்டித்தனம் எண்ணாக வந்துவிடும். 1979இல் டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்ததைக் காந்தம் உள்ளே போய்ச் செய்கிறது. 2009இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் தந்தது. ஃபைப்ரோஸ்கேன் என்ற சுலபமான கருவி நம் ஊரில் இதைவிடப் பரவலாக உண்டு, செலவும் குறைவு. பலருக்கு அது போதும். ஆனால் வயிற்றில் நீர் இருந்தால் அதை நம்ப முடியாது. காந்த முறைக்கு நீர் பெரிய தடையல்ல.

அக்காவை மேசையில் படுக்க வைத்து, வலது விலா மேல் ரொட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தம்பட்டத்தைக் கட்டினார்கள். அடுத்த அறையிலிருந்து குழாய் வழியாகக் காற்று வந்து அதை நொடிக்கு 60 தடவை அதிர வைத்தது. டெக்னீஷியன் பையன் மைக்கில் கன்னடத்தில், "உசிரு பிட்டு ஹிடிதுகொள்ளி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மூச்சை விட்டுவிட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எழுபது வருஷம் பெங்களூரில் இருந்தும் அக்கா காதில் தமிழ்தான் விழும். வெளியே வந்ததும், "இன்னா தம்பி, உசிரைப் புடிச்சிக் கொள்ளி வெக்கிறேன்னு சொல்றான் அவன்" என்றாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

முடிவு 6.2 கிலோபாஸ்கல். நல்ல ஈரல் 2.5க்குக் கீழே இருக்கும். 5க்கு மேல் போனால் சிர்ரோசிஸ் என்பார்கள். வலது பாகம் சுருங்கி, பின்னால் உள்ள சிறு பாகம் பெருத்து, ஓரம் மேடு பள்ளமாக இருந்ததும் படத்தில் தெரிந்தது. ஒரு சின்ன முடிச்சு இருந்தது. பளிச்சிடவில்லை. புற்று இல்லை.

நான் டாக்டரிடம் கேட்டது வேறு. "சார், படத்துல கொழுப்பு இருக்கா? கொழுப்பு ஈரல்தான் காரணம்னு இதுல தெரியுதா?" ஏனென்றால் எம்.ஆர்.ஐ. ஈரலில் உள்ள கொழுப்பைச் சதவீதமாகவே சொல்லும் என்று படித்திருந்தேன். அது வந்தால் தெருவின் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்கு. அவர் படத்தைத் திருப்பிக் காட்டினார்: 4 சதவீதம், அநேகமாகச் சாதாரணம். முற்றிய சிர்ரோசிஸில் கொழுப்பு கரைந்து போய்விடுவது உண்டாம். காரணத்தின் தடயம் அழிந்து, தழும்பு மட்டும் மிஞ்சும். ஈரல் எவ்வளவு கல்லாகியிருக்கிறது என்பதைப் படம் சொல்லும். கல்லாக்கியது யார் என்பதைப் பல சமயம் சொல்லாது. மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி இரண்டும் இரத்தத்தில் இல்லை, குடி இல்லை, சர்க்கரை இருபது வருஷம் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் முடிவுக்கு வந்தார். (வீட்டில் அக்கா கீழாநெல்லியை மோரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் தியாகராஜன் குழுவினர் 1988இல் 'லான்செட்' இதழில் அதைப் பற்றி எழுதியது ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு. பிற்பாடு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சர்க்கரை ஈரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

குடிக்காதவர்களை நம்பாத வழக்கம் எங்கள் தெருவோடு நிற்கவில்லை. 1980இல், முத்துப்பிள்ளைக்குப் பதினைந்து வருஷம் முன்னால், அதே மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோய்க்கூறு மருத்துவர் 20 நோயாளிகளின் ஈரல்களைப் பற்றி எழுதினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குடிகாரரின் ஈரலேதான். ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்லர். பருமனானவர்கள் பலர், சர்க்கரை உள்ளவர்கள் பலர். பெயரே இல்லாத நோய் என்று தலைப்பிலேயே சொன்னார். அவர் வைத்த பெயரில்கூட 'ஆல்கஹால் அல்லாத' என்று அந்தச் சொல் ஒட்டிக்கொண்டே வந்தது. "இவர் திருடர் அல்ல" என்று ஒருவரை அறிமுகப்படுத்துகிற மாதிரி. 2023இல்தான் உலக ஈரல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பெயரை மாற்றின. வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்பு ஈரல் என்ற பொருளில் புதுப்பெயர். குடி என்ற சொல் அதில் இல்லை.

செய்தியை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "இப்பத்தான் தெரிஞ்சுதா அவங்களுக்கு" என்றாள். பிறகு, அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அவளே கேட்டாள்: "சார், இது குடியால வந்தது இல்லைன்னு சீட்டுல எழுதிக் குடுங்க." அவர் ஒன்றும் கேட்காமல் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதைத் தெருவில் யாருக்கும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் நீட்டி, "படி" என்றாள். படித்தேன். வாங்கி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்டு பார்க்கிறோம். அடுத்தது மாசிக் கடைசியில்.